திருப்பிச் சொன்னால்தான் செல்லும்

அத்தியாயம் 14

லதா பேசி ஐந்து நாள் ஆகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நளினி வீட்டில் நடந்த கூத்து உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெங்களூரிலிருந்து வந்த மகள் ராதிகா, பையிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியை எடுத்துச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தன் கம்பெனி செய்தது, வரும் வெள்ளிக்கிழமை அம்மாவின் ஃபேக்டரிக்கே ட்ரையலுக்கு வருகிறது என்று பெருமையாகச் சொன்னாள். இடுப்பில் மாட்டிக்கொண்டு அளவைச் சொன்னால் போதுமாம், அதுவே கேட்டு அதுவே எழுதிக்கொள்ளுமாம். நெட் வேண்டாம், டவர் வேண்டாம், பேசிய பேச்சு பெட்டியை விட்டு வெளியே போகாது.

"அப்போ எழுதுறவங்க?" என்று லதா கேட்டாள்.

ராதிகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுதுகிறவள் எதிரே உட்கார்ந்து ரசம் சோறு பிசைந்துகொண்டிருக்கிறாள். பதில் சொல்ல அவள் எடுத்துக்கொண்ட நேரமே பதிலாகிவிட்டது. லதா பாதித் தட்டோடு எழுந்து கை கழுவிக்கொண்டு, இரண்டு கதவு தள்ளியிருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

லதா வேறு யாருமில்லை, நளினியின் புருஷன் பாபுவின் தங்கை. கல்யாணமாகி ஆறே வருஷத்தில் கணவனைப் பறிகொடுத்துவிட்டு வந்து கோலார் தங்கவயல் ஊரிகத்திலேயே தனியாக இருக்கிறாள். முடங்கிக் கிடந்தவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தான் வேலை பார்க்கும் ஃபேக்டரியில் சேர்த்துவிட்டது நளினிதான். பதினொரு வருஷமாக நளினி அளப்பாள், லதா எழுதுவாள். வாரத்தில் ஆறு நாள் தலை பின்னி, பொட்டு வைத்து, டிபன் கட்டிக்கொண்டு வெளியே போக அவளுக்கு இருக்கிற ஒரே காரணம் அந்த வேலை.

அதைப் பறிக்கத்தான் அண்ணன் மகள் பெட்டி கொண்டுவந்திருக்கிறாள். லதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில் தப்பு என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை காலை பாபு பெங்களூர் ரயிலுக்கு அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டே சொன்னான். "மிஷின் தோத்தா என் பொண்ணு அழுவா. ஜெயிச்சா என் தங்கச்சி அழுவா. நான் டூட்டிக்குப் போறேம்மா." சொன்னபடியே நழுவியும் விட்டான். ஆம்பளைங்களுக்கு என்ன, ரயில் இருக்கிறது. நளினிக்குத்தான் அன்றைக்கு எந்தப் பக்கம் சாமி கும்பிடுவது என்றே தெரியவில்லை. விளக்கேற்றிவிட்டு, வேண்டுதல் எதுவும் சொல்லாமல் வந்துவிட்டாள்.

ஃபேக்டரி பஸ் ஏழே காலுக்கு ஊரிகம் ஸ்டேஷன் எதிரே வரும். பதினொரு வருஷமும் இரண்டு பேருக்கும் ஒரே சீட். இந்தத் திங்கட்கிழமை முதல் லதா டிரைவருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்துகொள்கிறாள். இன்றும் அப்படித்தான். பங்காருப்பேட்டை சாலையில் ஃபேக்டரி வாசலில் இறங்கியதும், நேராக ஷெட்டுக்கு வராமல் ஆபீஸ் பக்கம் நடந்தாள். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் வந்தாள். எங்கே போனாய் என்று நளினி கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வராது என்று தெரியும்.

அந்த ஃபேக்டரியில் கிரேனுக்கு ஹூக் செய்கிறார்கள். ஒவ்வொரு ஹூக்கையும் பாரம் கட்டித் தொங்கவிட்டு, இறக்கி, அதன் வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்ப்பது நளினியின் வேலை. அன்றைக்கு வந்த ரக ஹூக்குக்கு ஐம்பது மில்லிமீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் வாயைப் பிளந்தால் ரிஜெக்ட். கையுறை முழுக்கக் கிரீஸ் இருக்கும், பேனா பிடிக்க முடியாது. அதனால்தான் பக்கத்தில் ஒருத்தி எழுத வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டு பேரும் வேலை பார்க்கிற விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். நளினி "ஒம்பது, நாப்பத்தொம்பது புள்ளி மூணு" என்று ஹூக் நம்பரையும் அளவையும் சொன்னால், லதா உடனே எழுதமாட்டாள். குனிந்து வெர்னியரைத் தானும் ஒரு பார்வை பார்த்து, "ஒம்பது, நாப்பத்தொம்பது புள்ளி மூணு" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவாள்.

இது ஃபேக்டரி சொல்லிக்கொடுத்ததல்ல. பாபு வீட்டுப் பழக்கம். அவர்களுடைய அப்பா தங்க மைன்ஸ் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஷாஃப்ட் வாசலில், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கூண்டான கேஜுக்கு மணி அடிக்கிறவர். கீழேயிருந்து மூன்று மணி வந்தால் மேலேயிருந்து அதே மூன்று மணியைத் திருப்பி அடிக்க வேண்டும். திருப்பி அடிக்காமல் கேஜ் நகராது. அந்த மனுஷன் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கடையில் கால் கிலோ துவரம்பருப்பு என்றால் "கால் கிலோ துவரம்பருப்பு" என்று திருப்பிச் சொல்லாமல் யாரும் வாசல் தாண்ட முடியாது. மருமகளாக வந்த புதிதில் நளினி இவர்களுக்கெல்லாம் காது மந்தமோ என்று நினைத்தாள். ஒரே மாதத்தில் அவளுக்கும் அது தொற்றிக்கொண்டது.

பத்து மணிக்கு ராதிகா வந்தாள். பங்காருப்பேட்டையில் ரயிலிறங்கி ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் லேப்டாப். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதத்தில் அவளை நம்பித் தனியாக அனுப்பிய முதல் இடம் இது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அத்தையைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

குவாலிட்டி மேனேஜர் மேக்ஸ்வெல் நல்ல மனுஷன்தான், ஆனால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். இருபத்தைந்து ஹூக்கில் ட்ரையல், தேறினால் ஒன்றாம் தேதி முதல் நான்கு ஷெட்டிலும் பெட்டி, எழுதுகிறவர்கள் நான்கு பேரும் வேலையிலிருந்து நின்றுகொள்ள வேண்டியது என்று எல்லோரும் கேட்கவே சொன்னார். அப்புறம் லதா கையிலிருந்த எழுதுகிற அட்டையை வாங்கி மேஜைமேல் வைத்து, "இன்னிக்கு நீங்க சும்மா நில்லுங்கம்மா" என்றார்.

சும்மா நிற்பது எப்படி என்று பதினொரு வருஷமாக லதாவுக்குத் தெரியாது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, வழக்கமாக நிற்கிற இடத்திலேயே நளினியின் தோள் பக்கத்தில் நின்றாள்.

நளினியின் காதை மூடி ஹெட்செட் உட்கார்ந்தது. ஷெட்டின் இரைச்சல் எல்லாம் தூரப்போய், கிணற்றுக்குள் நிற்பதுபோல் இருந்தது. செவ்வாய்க்கிழமையே ஷெட்டுக்கு வந்துவிட்ட பெட்டி சொல்லச் சொன்ன ஐம்பது பழக்க வரிகளை அவள் சொல்லி, தன் குரலை மட்டும் எடுத்துக்கொள்ள அதைப் பழக்கிவைத்திருந்தாள். இப்போது அளந்தாள், சொன்னாள், அடுத்ததற்கு நகர்ந்தாள். கண்மட்டும் அடிக்கடி மகள் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை காலையில் சாப்பிட்டதோ இல்லையோ, நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. முக்கால் மணி நேரத்தில் இருபத்தைந்தும் முடிந்தது.

ராதிகா பெட்டியை லேப்டாப்பில் மாட்டினாள். மேக்ஸ்வெல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் நிமிர்ந்து, எத்தனை ஹூக் அளந்தீர்கள் என்று கேட்டார். இருபத்தைந்து என்றாள் நளினி.

பெட்டியில் ஐம்பது வரி இருந்தது.

ராதிகாவின் முகம் வெளுத்துவிட்டது. பெங்களூருக்கு ஃபோன் போட, சிக்னல் கிடைக்கிற இடம் தேடி ஷெட்டுக்கு வெளியே ஓடினாள். நளினியும் பின்னாலேயே போனாள். பேசியதில் பாதி இங்கிலீஷ் என்றாலும் நளினிக்கு விஷயம் விளங்கிவிட்டது. அங்கே இருக்கிற சீனியர், அம்மா பேசிய ஒலியை அனுப்பு, கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார். ஒலியே இல்லை சார், கேட்டதுமே அழித்துவிடும், எதுவும் வெளியே போகாது என்று சொல்லித்தானே நாம் இதை விற்றோம் என்கிறாள் இவள். அப்படியானால் நீயேதான் பார்த்துக்கொள்ள வேண்டும், மத்தியானத்துக்குள் சரியாகவில்லை என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு என்று அவர் வைத்துவிட்டார்.

ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, பெட்டி தோற்றதில் நளினிக்கு உள்ளுக்குள் ஒரு பக்கம் குளிர்ந்தது. லதா தப்பித்தாள். மறுபக்கம், சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற பிள்ளையைப் பார்த்ததும் பெற்றவளுக்குப் பொறுக்கவில்லை. சந்தோஷப்பட்டதற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

"சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

ராதிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ம்மா, எனக்காக இன்னும் ஒரு அஞ்சு ஹூக் மட்டும் அளந்து காட்டு. நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்."

இந்தத் தடவை லேப்டாப்பை விட்டுவிட்டு, இரண்டடி தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நளினி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது ஹூக்கில் ராதிகா கையைத் தூக்கி நிறுத்தினாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவை இல்லை.

"அத்தை, நீங்க திருப்பிச் சொல்றீங்க."

ஐந்து நாளாகப் பூட்டியிருந்த வாய் திறந்தது. "நானா? நான் இன்னாத்துக்குச் சொல்றேன்? வாயே தொறக்கலியே."

பக்கத்து மேஜையில் ஹூக்குகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த வாசு சிரித்துவிட்டான். காலையிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் அக்கா, நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேனே என்றான். லதாவுக்குக் கோபம் அண்ணிமேல். வாய் அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நளினியின் காது மூடியிருந்ததால் அவளுக்கும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை பெட்டிக்குக் குரல் பழக்கியபோதும் லதா இப்படித்தான் பக்கத்தில் நின்றாள். பழக்க வரி ஐம்பதையும் இரண்டு பேரும் சொல்லியிருக்கிறார்கள். பெட்டி பாவம், இந்த இரண்டு குரலும் சேர்ந்ததுதான் நளினி என்று கற்றுக்கொண்டுவிட்டது.

லதா கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். அவமானமாக இருந்திருக்க வேண்டும், விறுவிறுவென்று ஷெட் வாசலுக்குப் போய் வெளியே பார்த்து நின்றுவிட்டாள்.

மேக்ஸ்வெல்லுக்குப் பெரிய நிம்மதி. "அவ்ளோதானே? லதாம்மாவை வெளிய நிறுத்திட்டு மறுபடி பழக்குங்க. சாயந்திரத்துக்குள்ள ட்ரையலை முடிச்சிடலாம்."

அவர் சொன்னதும் சரிதான். ராதிகாவுக்கும் அது தெரியும். ஒரு மணி நேர வேலை, பெட்டி தேறிவிடும், கம்பெனியில் அவள் பெயர் நிலைத்துவிடும். அத்தையை வெளியே நிறுத்தினால் போதும். இன்றைக்கு ஷெட்டுக்கு வெளியே, ஒன்றாம் தேதி முதல் கேட்டுக்கு வெளியே. அவள் லேப்டாப்பில் காலை ட்ரையலின் ஐம்பது வரிகளை மறுபடி மேலிருந்து கீழே பார்க்க ஆரம்பித்தாள். எல்லாம் ஜோடி ஜோடியாக இருந்தன. அம்மா ஒன்று, அத்தை ஒன்று. விரல் ஒரு இடத்தில் நின்றது.

பதினாறாவது ஹூக், நாற்பத்தொன்பது புள்ளி இரண்டு, இரண்டு தடவை. பதினேழாவது ஹூக், முதல் வரியில் அதே நாற்பத்தொன்பது புள்ளி இரண்டு. இரண்டாவது வரியில் ஐம்பத்தொன்று புள்ளி நான்கு.

"அந்தப் பதினேழாம் நம்பரைக் கொஞ்சம் எடுங்கண்ணா" என்று வாசுவிடம் சொன்னாள்.

பாஸ் அடுக்கில் எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது அந்த ஹூக். நளினி வெர்னியரை வைத்தாள். எடுத்து மறுபடி ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். ஐம்பத்தொன்று புள்ளி நான்கு. நாலு பேர் தலைக்கு மேலே டன் கணக்கில் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கப்போகிற ஹூக், வாயைப் பிளந்துகொண்டு அவள் கையில் கிடந்தது. மகள் நகம் கடிப்பதைப் பார்த்துக்கொண்டே முந்தின ஹூக்கின் அளவை வாய் மறுபடி சொல்லியிருக்கிறது. பதினொரு வருஷத்தில் இப்படி ஒரு தப்பை அவள் செய்ததில்லை என்று சொல்ல வந்தாள். சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். செய்திருக்கலாம். செய்தபோதெல்லாம் லதா, "அண்ணி, இன்னொரு தபா பாருங்க" என்று சொல்லியிருப்பாள். இன்றைக்கு அண்ணியோடு பேச்சில்லை. அதனால் தன் கண்ணில் பட்ட சரியான அளவை மட்டும் திருப்பிச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள்.

ராதிகா ஹூக்கை அம்மா கையிலிருந்து வாங்கி மேக்ஸ்வெல் முன்னால் வைத்தாள். கிரீஸ் அவள் சட்டையில் பட்டதை அவள் கவனிக்கவில்லை.

"சார், அத்தையை வெளிய நிறுத்தினா பெட்டி ஜெயிக்கும். இந்த ஹூக் வெளிய போயிடும். என் பெட்டி அம்மா சொன்னதைத் தப்பில்லாம எழுதிச்சு. அம்மா சொன்னதே தப்புன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அப்புறம் அவள் சொன்னதை நளினி வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். இரண்டு குரலையும் பெட்டிக்குத் தனித்தனியாகப் பழக்கலாமாம். ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் அளவைத் தானும் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் பெட்டி ஒரு வரி எழுதும். மாறினால் பீப் அடித்து நிற்கும். பெங்களூருக்கு எதையும் அனுப்ப வேண்டியதில்லை, இங்கேயே உட்கார்ந்து இப்போதே மாற்ற முடியும். காகிதமும் பேனாவும் போகட்டும், ஆள் இருக்கட்டும் என்றாள்.

மேக்ஸ்வெல் நெற்றியைத் தேய்த்தார். ஆளைக் குறைக்கத்தான் பெட்டியே வாங்குகிறோம், நீ ஆளை வைத்துக்கொள்ளச் சொல்கிறாயே அம்மா என்று முனகினார். ஆனால் கை மட்டும் அந்தப் பதினேழாம் நம்பரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில், ஒரு மாசம் இரண்டு குரலில் ஓட்டிப் பார்க்கலாம், நான்கு ஷெட்டிலும், மேலே நான் பேசிக்கொள்கிறேன் என்றார். அந்த ஹூக்கை யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

ராதிகா வாசலுக்குப் போய், சொல்ல வேண்டியதைச் சொல்லி, அத்தையைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். ஹெட்செட்டை அவள் தலையில் வைத்து, காதோரம் சிக்கிய முடியை விரலால் ஒதுக்கிவிட்டாள். லதா மைக்கை வாய்க்கு நேரே இழுத்துக்கொண்டாள்.

"இன்னா சொல்லணும்?" என்று கேட்டாள்.

"எப்பவும் சொல்றதைத்தான் அத்தை."

பழக்க வரி ஐம்பதையும் லதா சொல்லி முடிக்கும்வரை நளினி வாயை இறுக்கி மூடிக்கொண்டு தள்ளி நின்றாள். அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. உதடு தானாக அசைந்தது.

மத்தியானத்துக்கு மேல் மறுபடி இருபத்தைந்து ஹூக். இருபத்தைந்தே வரி. நடுவில் ஒரு தடவை பெட்டி பீப் அடித்தது. இந்தத் தடவை தப்பு லதாவுடையது. நளினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, லதாவுக்கும்தான். ஆனால் சிரித்த முகம் உடனே வாடிப்போனதை நளினி பார்த்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ராதிகா ஜன்னலோரம், நடுவில் லதா. சீனியர் ஃபோனில் பாராட்டினார் என்று ராதிகா சொன்னாள். ராத்திரிக்கு வீட்டில் கறிக்குழம்பு வைத்துவிடலாம், பாபு வரும்போது வாங்கிக்கொண்டு வரட்டும் என்று நளினி திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். லதா மட்டும் மடியிலிருந்த டிபன் பையின் வாரைத் திருகிக்கொண்டே வந்தாள்.

"அண்ணி, காலையில ஆபீசுக்குப் போனேன் இல்ல? லெட்டர் குடுத்துட்டேன்."

நளினி திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணாந்தேதியிலருந்து வேலைக்கு வரலைன்னு எழுதிக் குடுத்துட்டேன். அவங்களா போன்னு சொல்றதுக்கு முன்னாடி நாமளே போயிடலாம்னு. தசரதன் சார் வாங்கி சீல் வெச்சுட்டாரு. நாளைக்கிக் காலையில கோலார் ஹெட் ஆபீசுக்குப் போற பையில போட்டுட்டாரு."

ஆபீஸ் கிளார்க் தசரதன் அந்தப் பையைச் சாயங்காலமே ராபர்ட்சன்பேட்டையில் தன் வீட்டுக்கு எடுத்துப்போய், விடிந்ததும் அப்படியே கோலாருக்குப் பஸ் ஏறிவிடுகிறவர். அது எல்லோருக்கும் தெரியும். பை கோலார் போய்ச் சேர்ந்தால், லதா தன் இஷ்டத்தில் விலகியவள். பெட்டி ஜெயித்தும் மேக்ஸ்வெல் ஒத்துக்கொண்டும் அவளுக்கு ஒன்றுமில்லை. ராதிகா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நளினி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரிகம் ஸ்டேஷன் வந்தது. இறங்குகிறவர்கள் எழுந்தார்கள்.

"இன்னா அண்ணி, ஒண்ணும் சொல்ல மாட்டேன்றீங்க?" என்று கேட்டாள் லதா.

"நீ சொன்னதை நான் திருப்பிச் சொன்னனா?"

"இல்லியே."

"உங்கப்பா வூட்ல திருப்பிச் சொல்லாத பேச்சு செல்லுமா?"

லதா அண்ணியின் முகத்தையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. செல்லாது என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

எழுந்திருக்கப்போன மகளை நளினி கையமர்த்தி உட்காரவைத்தாள். தசரதன் வீட்டில் இருப்பாரா, பையைத் திறப்பாரா, சீல் வைத்த கடிதத்தைத் திருப்பிக் கொடுக்க அந்த மனுஷனுக்கு மனசு வருமா, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த வீட்டு வாசல் எங்கே இருக்கிறது என்று தெரியும். பஸ் மறுபடி நகர்ந்தது.

"இங்க எறங்கல. ராபர்ட்சன்பேட்டைக்குப் போறோம்" என்றாள்.

லதா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"ராபர்ட்சன்பேட்டைக்குப் போறோம்" என்றாள் அவளும்.